மூடியைத் திறக்காத மூன்று நாள்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம், மூக்கில் மட்டும் தோல் உரிகிறது. உன் முழங்கால் வலி தேவலையா?

பயிரின் கதிரை வாட்டும் புற ஊதாக் கதிரை வயலில் நின்று அளந்தவள் நான். அரசின் ஆராய்ச்சி மானிய விண்ணப்பத்திலோ மேலாளர் பெயர் மட்டும். கேட்டதற்கு, "வெறும் வெயில் காயுற வேலைதானேம்மா? இனி நானே அளந்துக்கறேன்" என்றார்.

அளக்கட்டும் என்று கருவியின் மூடியைப் பூட்டியபடியே விட்டேன். மூன்று நாளும் மின்விசிறியடியில் அமர்ந்து, ‘கதிர் மிகக் கடுமை’ என்று எழுதினார்.

நேற்று மானிய அதிகாரி வந்து பார்த்தார். "மூடியே திறக்கலியே, இருட்டையா அளந்தீங்க?"

வெயிலே படாத மேலாளருக்கு அப்படித் தோல் உரிந்தது! விண்ணப்பத்தில் இப்போது என் பெயர்தான் முதலில்.

அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று அனுப்பு. வெயிலுக்குத்தான். துவைக்காமல் அனுப்பு.

வயலுக்கு வண்டி வந்துவிட்டது.

வெயில் காயும் உன் மகள்