நவம்பர்ப் பெட்டி

சிதம்பரம்,
புதன் மாலை.

அன்பு மகளே,

அம்மா நலம். காலையில் இரண்டு இட்டலி உண்டாள். வெள்ளியன்று அறுவை மருத்துவம். அஞ்சத்தக்கது எதுவுமில்லை என்று மருத்துவர் கூறினார். நானும் அஞ்சவில்லை.

உன் விடுதிச் சிஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். "சார், பாப்பா அவுங்கம்மா பேர எழுதி பலிபீடத்துப் பெட்டில போட்டிருக்கு. அது நவம்பர் மாசம் எறந்தவுங்களுக்கு வேண்டிக்கிற பெட்டி சார். வெள்ளிக்கிழம பூசையில வாசிப்பாங்க. எடுத்துடட்டுமா?"

"அது வெறுந்தாள், கிடக்கட்டும்" என்று மேடைக் குரலில் சொல்லிவிட்டேன்.

பிழை உன்னுடையதன்று. சூன் மாதத் திருப்பலி, அக்டோபர்ச் செபமாலை, தவக்காலச் சிலுவைப்பாதை எதற்கும் உன்னை அழைக்கலாகாது என்று விடுதியில் சேர்த்தபோதே எழுதிக் கொடுத்தவன் நான். வாழ்வோர்க்கான பெட்டி மாதா சிலை நிற்கும் கற்குகையான கெபியடியில் இருப்பதாகச் சிஸ்டர் சொன்னார்; அதை நீ எவ்வாறு அறிவாய்?

அம்மாவிடம் சொன்னேன், சிரித்தாள். "அதுக்குள்ள என்ன அனுப்பி வச்சிட்டாளா உங்க பொண்ணு? அப்பனாட்டமே அவசரம்!" சிரித்து முடித்த பின்னும் அவள் என் கையை விடவில்லை.

கடவுள் இல்லை என்று மஞ்சக்குப்பம் திடலில் முழங்கிய சொற்களில் ஒன்றையும் நான் திரும்பப் பெறவில்லை. ஆயினும் மருத்துவமனைத் தாழ்வாரத்தை எத்தனை முறை நடந்து கடந்தேன் என்பதை அறியேன்.

இக்கடிதத்தை உன் மாமா கொண்டுவருகிறார். படித்தவுடன் சிஸ்டரிடம் சொல்லி அச்சீட்டை எடுத்துவிடு. கிழித்துவிடாதே. கெபியடிப் பெட்டியில் போடு. யாரேனும் வியந்து கேட்டால், அப்பாதான் போடச் சொன்னார் என்று உரக்கச் சொல்.

உன் தந்தை