வெள்ளி ராவு என்று நான் சொன்னது

அளவெடுக்காமலே எனக்கு அபாயா தைத்துத் தந்த என் சரோஜா அக்காவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பாண்டிருப்பில் உங்கள் தையல் மெசினைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நான் ஆஸ்பத்திரியில் அதே மேசையில்தான் இருக்கிறேன். போன் அடிக்கும், பேர் கேட்பேன், டொக்டருக்கு நம்பர் போடுவேன். கண்டியிலிருந்து இருதய டொக்டர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வியாழன் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு, இப்போதும் வருகிறார். எல்லாருக்கும் முதலாம் நம்பர்தான் வேண்டுமாம். நான் எங்கே போவேன்?

உங்களுக்கு நீங்கள் கேட்காமலே ஏழாம் நம்பர் போட்டேன். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இடது கை கடுக்கிறது என்று நீங்கள் சொன்ன அன்றே போட்டேன். மற்றவர்களுக்கு என்றால் திகதி, நேரம் எல்லாம் மெசேஜில் போகும். நீங்கள் வீட்டு ஆள் அல்லவா, வாயாலேயே சொன்னேன்.

"அக்கா, வெள்ளி ராவு வாங்க. ஏழாம் நம்பர்."

எங்கள் வீடுகளில் மஃரிப் பாங்கு சொன்னால் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் பொழுதுபட்டால் அது வெள்ளி ராவு. உம்மா அப்படித்தான் சொல்வா, நானும் அப்படித்தான். உங்களுக்கோ வெள்ளி ராவு என்றால் வெள்ளிக்கிழமை இரவு. இத்தனை வருசம் ஒன்றாகப் புழங்கியும் எனக்கு அது தோன்றவே இல்லை.

வியாழன் உங்கள் நம்பரை மூன்று தரம் கூப்பிட்டேன். உங்களுக்குப் போனும் எடுத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. மெசின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கோபம்கூட வந்தது அக்கா. 'ஆள் வரவில்லை' என்று எழுதிவிட்டு எட்டாம் நம்பரை உள்ளே அனுப்பினேன்.

மறுநாள் ராவு, நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, நீங்கள் எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"தங்கச்சி, வந்து பாத்தன். டொக்டர் நேத்தே வந்திட்டுப் போயிட்டாராம். எனக்குத்தான் புள்ள மறதி. கோவிக்காதீங்க."

அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. என் வாய் என்ன சொன்னது?

"பரவால்ல அக்கா. அடுத்த முறைக்குப் போடுறன்."

பிழை விட்டவளும் நான், மன்னித்தவளும் நான். வெட்கம் கெட்ட வாய்.

அடுத்த முறைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். அந்த வியாழன் டொக்டர் பார்த்திருந்தால் தப்பியிருப்பீர்களா? அவர் என் மேசையைத் தாண்டித்தான் போகிறார். கேட்கப் பயமாக இருக்கிறது. ஓம் என்று சொல்லிவிட்டால்?

செத்த வீட்டில் உங்கள் மகள் தர்சினி வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னாள். "அம்மாட மறதிதான் அம்மாவக் கொண்டு போட்டுது. ஒரு நாளக்கூட ஞாபகம் வெச்சிருக்கத் தெரியல்ல." அழுகையோடு கோபமும் இருந்தது. நான் பக்கத்தில் இருந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். முப்பத்தோராம் நாளுக்கும் வந்தேன், சாப்பிட்டேன், ஒன்றும் சொல்லாமல் திரும்பினேன்.

இப்போது போனில் கிழமையை இரண்டு தரம் சொல்கிறேன், வியாழன், வியாழன் என்று. கூட வேலை செய்யும் பிள்ளைகள் எனக்கு 'வியாழன் ராத்தா' என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள்.

மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரே பொறுக்க வேண்டும் என்று எங்களுக்கு ஓதித் தந்திருக்கிறார்கள். நீங்கள் இல்லை. நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிறு தர்சினி கம்பஸுக்குத் திரும்பிப் போகிறாளாம். அதற்கு முதல் பாண்டிருப்புக்கு வருவேன். அம்மா ஒன்றையும் மறக்கவில்லை, நான் சொன்ன நாளுக்குச் சரியாகத்தான் வந்தா என்று அவளிடம் சொல்வேன். அதன் பிறகு அவள் என் முகத்தில் முழிக்காமல் விடலாம். விடட்டும். உங்கள் மேல் அவள் வைத்திருக்கும் கோபம் எனக்குச் சேர வேண்டியது அக்கா, அதை வாங்கிக்கொண்டு வருகிறேன்.

உங்கள் தங்கச்சி என்று இன்னும் சொல்லிக்கொள்ளும்,
ஸிபானா
சாய்ந்தமருது