இடது பக்கத்து மட்கார்டு

வடக்கனந்தல்,
16.8.1999

அன்புள்ள தங்கை அமிர்தத்திற்கு,

உன் கடிதமும் லாரி பார்சலும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கடிதத்தில் உன் பெண் வளர்மதிக்கு நைனார்பாளையத்தில் இடம் முடிந்த செய்தி. சாக்கில் சுற்றிய பார்சலில் அப்பாவின் அம்பாசடருக்கு இடது பக்கத்து முன் மட்கார்டு. முதலாவதில் சந்தோஷம். இரண்டாவதைப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

உன் அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்கு ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன். என்னிடம் வகுப்பெடுக்கப் பழகியவன் இன்று தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "வாங்க காசிநாதன்" என்கிறான். நானும் போகிறேன். ஆனால் மறக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

வண்டியைக் கோடை விடுமுறையில் மாட்டுக்கொட்டகையிலிருந்து வெளியே இழுத்ததை முன்பே எழுதியிருந்தேன். பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. "முட்டையாவது வந்துக்கினு இருந்துச்சி, அதையும் கெடுத்துட்டீங்க" என்றாள் உன் அண்ணி. இஞ்சினைச் சின்னசேலத்து மெக்கானிக் ஓடவைத்துவிட்டான். சீட்டுக்குப் புதுத் துணி தைத்தாயிற்று. மிச்சம் அந்த நசுங்கல்தான்.

உன் வீட்டுக்காரர் மலைப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த எழுபத்தாறில், ஆடிப்பெருக்குக்கு நீங்கள் இருவரும் வந்து சாப்பிட்டுவிட்டு மலைக்குத் திரும்பியபோது அப்பா வண்டியைக் கொடுத்தார். உன் வீட்டுக்காரர் வெள்ளிமலைப் பாதையில் அதைப் பாறையில் மோதினார். அதன்பிறகு அப்பா அந்த ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான் லீவுக்கு வந்தபோதெல்லாம் வண்டி கொட்டகையில்தான் நின்றது. மனசு விட்டுப்போய், சில வருஷங்களில் அவரும் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு நான் வருவதாக இருந்தால் அப்பாவின் வண்டியில் வருவேன். அது அவர் வைத்திருந்தபடியே நேராக இருக்கும். இல்லையென்றால் தாய்மாமன் சீரை யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். இதில் கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வளர்மதிக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
காசிநாதன்


ஆவடி,
27.8.1999

அன்புள்ள அண்ணனுக்கு அமிர்தம் எழுதுவது.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். அண்ணியின் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடுபண்ணித் தேய்க்கச் சொல்லுங்கள். முட்டைக்காக நானும் வருத்தப்படுகிறேன்.

சீரைக் கொடுத்தனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சீர்த்தட்டு வந்து வளர்மதி கழுத்தில் மாலை போடுமா? "மாமா வருவாரு இல்ல?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுகிறேன்.

இன்னொன்று. மட்கார்டை அனுப்பியது நான் இல்லை. அவர்தான். நீங்கள் வண்டியை வெளியே எடுத்ததாக எழுதிய நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். பழசில் நல்லது கிடைக்கவில்லை. அதே அச்சுக்குப் புதிதாக அடித்த இதைக் கண்டுபிடித்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டாராம். "எம்பேர எழுதிடாத, உங்கண்ணன் கெணத்துல போட்டுடுவாரு" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, எழுதிவிட்டேன்.

அப்பாவின் சாவில் நீங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "வண்டிய ஒடச்ச கை பாடையத் தூக்க வாணாம்." ஊரே நின்றுகொண்டிருந்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் சுடுகாடுவரை நடந்துவந்தார். அதன்பிறகு நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆனால் உங்களை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

எல்லாக் கடிதத்திலும் "உன் வீட்டுக்காரர்" என்று எழுதுகிறீர்கள். சுப்புராயன் என்று எழுதினால் எவ்வளவு மை அதிகமாகிவிடும் அண்ணா?

உங்கள் தங்கை,
அமிர்தம்


வடக்கனந்தல்,
20.9.1999

அன்புள்ள அமிர்தத்திற்கு,

மட்கார்டு பொருந்தவில்லை. அது யார் வாங்கியது என்று தெரிந்த பிறகு எனக்கு அதில் ஆச்சரியமும் இல்லை.

கள்ளக்குறிச்சியில் செல்லமுத்து என்று ஒரு டிங்கர். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாதவன். நசுங்கியதைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தூக்கிப்பிடித்து போல்ட்டுகளை மாட்டினான். முன்விளக்குப் பக்கம் சரி. பானட் ஓரம் சரி. கதவுப் பக்கம் வந்து பார்த்தால் நடுவில் கட்டைவிரல் நுழைகிற சந்து. வலது பக்கத்தில் அதே இடத்தில் ஒரு ரூபாய் நாணயம்தான் நுழைகிறது.

"இன்னா சார் இது, சம்பந்திங்க சண்ட போட்டுக்கினு தள்ளித் தள்ளிக் குந்திக்கினு கீற மாரி கீது" என்றான்.

"நீ வேலையைப் பார்" என்றேன்.

போல்ட்டு ஓட்டைகளை அரத்தால் ராவி நீளமாக்கி, மட்கார்டைக் கதவுப் பக்கம் இழுத்துப் பார்த்தோம். கதவுச் சந்து குறைந்தது, விளக்குப் பக்கம் வாய் பிளந்தது. பழையபடி முன்னால் தள்ளினோம். பின் ஓரத்தை கேஸில் பழுக்கக் காய்ச்சி, உள்ளே இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியிலிருந்து சுத்தியலால் தட்டி நீட்டினான். தகடு நீளுவதற்குப் பதிலாகப் பொரித்த அப்பளம் போல நெளிந்தது. ஈரத் துணியை ஒற்றி ஒற்றி நெளிவை ஓரளவு இறக்கினான். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு தகட்டுப் பட்டையை வெட்டி ஓரம் முழுவதும் வைத்து வெல்டிங் செய்தோம். சந்து மறைந்தது. ஆனால் மட்கார்டில் ஓடிவருகிற மடிப்புக்கோடு கதவின் கோட்டோடு சேரவில்லை, ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. கதவை மூடினால் ஒட்டிய பட்டையில் உரசுகிறது.

அச்சிலேயே கோணல். வாங்குகிறவர் கையில் ஒரு அளவு வைத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? பளபளப்பாக இருந்தால் போதும் என்று வாங்கியிருக்கிறார்.

பட்டறையில் நிற்கும்போது பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. பலாப்பழக் காலத்தில் அப்பா என்னை மலைக்கு அழைத்துப்போவார். டிக்கியில் ஏற்றிவந்த பழத்தின் வாசனை தீபாவளிவரைக்கும் போகாது. கோமுகி அணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே "போட்றா" என்பார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற கியரை நான் இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் போடுவேன். அந்த வயதில் நான்தான் வண்டியை மலையேற்றுகிறேன் என்று நம்பினேன். அப்படிப்பட்ட வண்டியை எடுத்துப்போய்த்தான் பாறையில் மோதினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதே எழுபத்தாறில், சிதம்பரத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, ஆனித் தேர்க் கடையில் பச்சை நிறத்தில் மயில் படம் போட்ட தகர மூக்குப்பொடி டப்பா ஒன்று வாங்கிவந்து அப்பாவிடம் கொடுத்தேன். அடுத்த லீவுக்கு வந்தபோது பழைய பித்தளை டப்பாவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். மயில் போன இடம் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. அதையே மருமகன் கொடுத்திருந்தால் மடியிலேயே கட்டி வைத்திருப்பார்.

வண்டி இந்த நிலையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை.

அண்ணன்,
காசிநாதன்


ஆவடி,
8.10.1999

அண்ணனுக்கு,

வண்டியைப் பற்றி இதுதான் நான் எழுதுகிற கடைசிக் கடிதம்.

பாறையில் மோதியபோது நானும் உள்ளே இருந்தேன். வளர்மதி என் வயிற்றில் இருந்தாள். செய்தி கேட்டு அப்பா ரேஷன் லாரியில் ஏறி மலைக்கு வந்தார். வண்டியைத் தாண்டிக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்து என் தலையைத் தொட்டுப் பார்த்தார். "கொயந்தைக்கு ஒண்ணும் இல்ல இல்ல? அப்பறம் இன்னா, தகரந்தான" என்றார். இவர் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "மாப்ள, எயுந்து மூஞ்சியக் கயுவுங்க" என்றார். ஊரில் கேட்டவர்களிடம் தானே மோதியதாகச் சொன்னார். புரட்டாசியில் அதே வண்டியை அவரே ஓட்டிவந்து என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார்.

இதை முன்பும் எழுதினேன். "உன் வீட்டுக்காரரைக் காப்பாற்றுவதற்காகக் கதை கட்டாதே" என்று பதில் போட்டீர்கள். நீங்கள் அப்போது சிதம்பரத்தில் இருந்தீர்கள் அண்ணா. நான் முன் சீட்டில் இருந்தேன்.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. கார்த்திகை இரண்டாவது முகூர்த்தம். தாய்மாமன் என்று உங்கள் பெயர்தான் போட்டிருக்கிறது. நீங்கள் வராவிட்டால் பெரியப்பா மகன் பிச்சைமுத்துவை மாலை போட வைக்கலாம் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அமிர்தம்


வடக்கனந்தல்,
9.11.1999

மாப்பிள்ளை சுப்புராயன் அவர்களுக்குக் காசிநாதன் எழுதுவது.

உறையின் மேல் உங்கள் பெயரையும் என் கையெழுத்தையும் சேர்த்துப் பார்த்து அமிர்தம் பயந்திருப்பாள். கெட்ட செய்தி ஒன்றுமில்லை என்று அவளிடம் சொல்லுங்கள். உங்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. அதனால் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மட்கார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒட்டிய பட்டை கதவில் உரசிக்கொண்டே இருந்தது. கதவைக் கழற்றிவிட்டால்தான் கை உள்ளே போகும் என்றான் செல்லமுத்து. மேல் கீலின் திருகுகளை எடுத்ததும், கீலுக்கும் தூணுக்கும் நடுவிலிருந்து தகரத் துண்டுகள் உதிர்ந்தன.

"யாரோ அண்ட குடுத்து வச்சிக்கீறாங்க சார். இது கடக்காரன் வேல இல்ல, வூட்டுக் கத்திரில வெட்டுனது" என்றான்.

மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தேன். பச்சை நிறம். ஒன்றில் மயிலின் கழுத்து இருந்தது. கீழ்க் கீலிலிருந்து எடுத்ததில் தோகை.

அது எந்த டப்பா என்று அமிர்தம் உங்களுக்குச் சொல்லுவாள்.

நசுங்கிய மட்கார்டு பின்னால் தள்ளிவந்து கதவைத் திறக்கவிடாமல் இடித்திருக்கும். பட்டறைக்குக் கொண்டுபோனால் யார் ஓட்டியது, எப்படி மோதியது என்று கடைத்தெருவே விசாரிக்கும். அதனால் அப்பா கொட்டகையிலேயே கதவைக் கழற்றி, கைக்குக் கிடைத்த தகரத்தை வெட்டிச் சொருகி, கதவைப் பின்னுக்குத் தள்ளி மாட்டியிருக்கிறார். மேலே அதிகமாகச் சொருகியதில் கதவு கொஞ்சம் தொங்கிப்போயிருக்கிறது. கோடு சேராததற்குக் காரணம் அதுதான். நசுங்கலை அவர் நிமிர்த்தவில்லை. அதற்கு இடம் விட்டிருக்கிறார்.

கீலின் தடம் தகரத்தில் ஆழமாகப் பதிந்து, ஓரம் தேய்ந்து வெள்ளையாகப் பளபளத்தது. தொடாமல் நிறுத்திவைத்த வண்டியின் கதவு அப்படித் தேய்க்காது. அவர் ஓட்டியிருக்கிறார். அதுவும் கொஞ்ச நாள் அல்ல.

தகரத்தை எடுத்துவிட்டுக் கதவை மாட்டினோம். நாங்கள் ஒட்டிய பட்டை இப்போது முழுவதுமாகக் கதவை மறித்தது. அதை வெட்டி எடுத்து ஓரத்தை ராவியதும் மட்கார்டு தானாக உட்கார்ந்தது. கோடு கதவிலிருந்து விளக்குவரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியது. ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தேன், நுழைந்தது.

நீங்கள் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. நாங்கள்தான் அதைக் காய்ச்சி, தட்டி, வெட்டி ஒட்டிக் கெடுத்தோம். பட்டி வைத்து பெயிண்ட் அடித்தும், வெயிலில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் நெளிவும் வெல்டிங் தழும்பும் தெரிகின்றன. வேறு ஒன்று தேடிக் கடைகளில் ஏறி இறங்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். பழைய மட்கார்டைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னாள் அமிர்தத்தின் அண்ணி. போடவில்லை, கொட்டகையில் மாட்டியிருக்கிறேன். கோழி அதில் அடை உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து நான் மாறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறையில் மோதியது நீங்கள்தான். தலைமையாசிரியரையும் நான் விடப்போவதில்லை. பிச்சைமுத்துவிடம் மட்டும் மாலைக்கு அலைய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெண்ணழைப்பு அன்று சாயங்காலம் நைனார்பாளையம் எல்லைப் பிள்ளையார் கோயிலில் வண்டியோடு நிற்பேன். தகரத் துண்டுகள் என் சட்டைப் பையில் இருக்கும். கழுத்து உங்களுக்கு, தோகை எனக்கு. வளர்மதியும் அமிர்தமும் பின்னால் உட்காரட்டும். அங்கிருந்து மண்டபம்வரைக்கும் நீங்கள் ஓட்டுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு, "போடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காசிநாதன்