கலியாணத் தரகரின் அஞ்சலி உரை

நவம்பர் 16, ஞாயிறு

இன்று லவாலில் சிவம் அண்ணையின் செத்தவீடு. எங்கள் நாடகங்களை எல்லாம் எழுதியவர் அவர்தான். எனக்கு எப்போதும் சிரிப்புக் காட்டும் கலியாணத் தரகர் வேடம்தான் தருவார். நான் குறைப்பட்டால், பழைய கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்களைப் போட்டு, அவற்றில் வரும் ஒரு நடிகரைக் காட்டுவார். நாற்பது வருடம் ஹோட்டல் கிளார்க்காகவே வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தே சனத்தைச் சிரிக்கவைத்தவர்.

"அந்தாள் ஒருக்கா மகனைப் பறிகுடுத்த தகப்பனா நடிச்சவர். தியேட்டரே சிரிச்சதாம். உமக்கும் அந்த முகம்தான்," என்பார் அண்ணை.

அஞ்சலி உரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணை எனக்குக் கடைசியா எழுதித் தந்த வசனம்..." என்று தொடங்கியதும் கண் நிறைந்து கண்ணாடி மங்கிவிட்டது. பேச்சை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

வெளியே வரும்போது அண்ணையின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாச் செய்தீர், தம்பி. அவருக்கு இதுதான் விருப்பம்."

"ஓம், அக்கா," என்றேன். நடிக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

களைப்பாக இருக்கிறது. எழுத எழுதக் கண்ணாடி மங்குகிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. என்றாலும் கழற்றித் துடைக்கப் பயமாக இருக்கிறது.