சனிக்கிழமைக் கூட்டம்

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகம்தானே? விடியற்காலையில் டிப்போவிலிருந்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று அப்பா தூங்கிவிட்டார். அம்மாவும்தான். போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் திட்டாதே. இந்த ஒற்றை அறையில் இதைப் போனில் பேச முடியாது.

அடுத்த சனிக்கிழமை பள்ளியில் கூட்டம். யார் எந்தக் கல்லூரியில் சேர்வது என்று பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவார்களாம். அப்பாவிடம் நான் சொல்லவே இல்லை. நான் ஆசைப்படும் கல்லூரி ஆறு மணி நேரப் பயணம், விடுதியில் தங்க வேண்டும். ஒரு நாள் சுற்றுலாவுக்கே கையெழுத்துப் போடாதவர் இதற்குத் தலையாட்டுவாரா? அவருக்கு அன்று டியூட்டி என்று டீச்சரிடம் புளுகிவிட்டேன். என்ன செய்யட்டும்? பதிலைப் பள்ளி முகவரிக்கே போடு.

உன் பயந்தாங்கொள்ளி

மார்ச் 8

என் செல்லமே,

கோபப்படாதே. நேற்று அப்பாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன படிக்கப் போகிறாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. நீயும் அப்படி இருந்துவிடக் கூடாது. அப்பா, “சரி, வெச்சிடு” என்றார். அவ்வளவுதான்.

உன் அக்கா

மார்ச் 13, இரவு

துரோகி அக்காவுக்கு, ஆயிரம் முத்தங்கள்.

ஒரு வாரமாக அப்பா வாயே திறக்கவில்லை. இன்று கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பாதிக் கூட்டத்தில் காக்கிச் சட்டையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். அப்பா எழுந்தார்.

“ஹாஸ்டல் கேட்டை எப்ப மூடுவீங்க?”

எட்டு மணிக்கு என்றார் அந்தக் கல்லூரியிலிருந்து வந்திருந்த மேடம்.

“எங்க வண்டி எட்டரைக்குத்தான் உங்க ஊருக்குள்ள வருது. கொஞ்சம் தள்ளி மூடக் கூடாதா?”

“உங்க பொண்ணு அங்கயேதானே தங்கப் போறா?”

“அவ தங்குவா மேடம். வர்றது நானு. அந்த ரூட்ட எனக்குக் குடுங்கன்னு டிப்போல கேட்டு வாங்கிட்டேன்.”

கூட்டமே சிரித்தது. நான் அழுதுவிட்டேன். உன் போனை வைத்த கையோடு மேனேஜரைப் பார்க்க ஓடினாராம். ரூட் கைக்கு வரும்வரை உறுதி சொல்லக் கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வரும்போது, “எங்கிட்ட சொல்ல என்னடா பயம்?” என்றார்.

இனி வாரத்தில் மூன்று நாள் வந்து நிற்பார், அக்கா. விடுதி வாசலில் ஹாரன் மட்டும் அடிக்க வேண்டாம் என்று நீ சொல்லிவிடேன். நான் சொல்லப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை