மூன்றாம் நாள் நோட்டு

என் சரோஜாக் கண்ணு,

நேற்று உன் பேராசிரியரை நாலு பேர் முன்னால் வியர்க்க வைத்தேன், இந்த ஏற்காட்டுக் குளிரில்! மனசு குளிர்ந்தது.

நீ காய்ச்சலில் போன பதினாறாம் நாள் துக்கம் கேட்க வந்த மனிதன், உன் ஆய்வைப் பத்திரப்படுத்துவதாகச் சொல்லி நோட்டை வாங்கிப்போனான். நானும் கும்பிட்டுக் கொடுத்தேன், மடையன். இரண்டு வருசத்தில் புத்தகம் வந்தது. அட்டையில் அவன் பெயர். உன் பெயரைத் தேடி மூன்று தரம் புரட்டினேன், எங்குமே இல்லை.

ஆனால் அவசரக்காரன் கொண்டுபோனது உன் முதல் நாள் நோட்டு. புதிதாக வருகிறவர்களுக்குத் தலைச்சோலை ஊர்க்காரர்கள் முதல் நாள் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதனால்தானே ஒரே கேள்விக்கு மூன்று நாள் நடந்தாய்? எஸ்டேட் ரைட்டரான என் கையெழுத்து அழகென்று, மூன்றாம் நாள் நோட்டைப் படியெடுக்க என்னிடம் தந்திருந்தாய்.

காற்றடிக்கும் ஓரத்தில் ஒரு வரிசை ராகியை ஏன் அறுக்காமல் விடுகிறார்கள்? "சாமிக்குங்க" என்றார் அந்த ஊர் விவசாயி காளியண்ணன், முதல் நாள். அதை வைத்து அவன் ஒரு அத்தியாயமே எழுதிவிட்டான். நீயோ மூன்றாம் நாள் கேள்வியைத் தலைகீழாகப் போட்டாய்: "இதையும் அறுத்துப்புட்டா என்னங்க ஆகும்?"

"அப்பறம் வெதைக்கு எங்க போறது கண்ணு? காத்துக்குச் சாயாம நின்னதுதான் வெதை."

எப்படியம்மா உனக்கு அப்படிக் கேட்கத் தோன்றியது?

நேற்றுக் கருத்தரங்கில் அந்த அத்தியாயத்தைச் சைக்ளோஸ்டைல் எடுத்து எல்லாருக்கும் கொடுத்துப் படித்தான். காளியண்ணனை நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டிவந்திருந்தேன். மனிதர் எழுந்து சிரித்தார்.

"அது மொத நாளு சொன்னதுங்க. அந்தப் புள்ள மறுக்கா மறுக்கா வந்து கேட்டுச்சு, உள்ளதைச் சொன்னேன். ஏனுங்க, நீங்க எப்ப வந்தீங்க?"

"இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்கா?" என்றான். தேதியும் உன் கையெழுத்துமாக நோட்டை அவன் மேசைமேல் போட்டேன். வந்திருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள்.

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அடுத்த பதிப்புல நன்றியில பேரைப் போட்டுடறேன் சார். இதோட விட்டுருங்க."

"நன்றி வேண்டாமுங்க. திருடினேன்னு எழுதுங்க."

நீயாக இருந்தால் மன்னித்திருப்பாயோ? நான் மாட்டேன். அவன் எழுதவும் மாட்டான். அதனால் அவன் எந்த மேடையேறினாலும் முன்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன், கண்ணு. என் காலத்துக்கு அப்புறம் என் மகள் உட்காருவாள். அவளிடம் சொல்லிவிட்டேன்.

பாவம் பார்க்கத் தெரியாத,
உன் அண்ணன்.