பட்டாணி தின்ற கொடுவா

அன்புள்ள பிடிவாதக்காரனுக்கு,

மீன்கள் தின்றுவிட்டன! நீ கோபித்துக்கொண்டு பத்ராஸ் நகரில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போன பிறகும், மீன்தூளைக் குறைத்துப் பட்டாணி மாவும் சோயாவும் சேர்த்த அந்தத் தீவனத்தை நான் விடவில்லை.

முதலில் நம் கடல் கூண்டில் வளரும் கொடுவா மீன்கள் வாயில் வாங்கி வாங்கித் துப்பின. உன் அப்பா படகில் உட்கார்ந்துகொண்டு, "கடல் மீனுக்குப் பட்டாணியா? நாளைக்கு காப்பியும் ரொட்டியும் குடுப்பியாம்மா?" என்று கேலி செய்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் தீவனத்தின் மேல் கொஞ்சம் கணவாய்ச் சாறு தெளித்துப் பார்த்தேன். கூண்டுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளிக்கொண்டு வந்து தின்றன! கோடை முழுக்க அதைத் தின்றே கொழுத்தன.

நேற்று ஒன்றைப் பிடித்துச் சுட்டு, எலுமிச்சை பிழிந்து உன் அப்பாவுக்கு வைத்தேன். தலையைக்கூட விடாமல் உறிஞ்சித் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அவன்கிட்ட சொல்லிடாதே, கட்சி மாறிட்டேன்னு திட்டுவான்" என்றார்.

சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் இரண்டாவது கூண்டிலும் குஞ்சு விடுகிறேன். அதற்குப் படகில் இன்னோர் ஆள் வேண்டும். ஊரில் இரண்டு பேர் வந்து வேலை கேட்டார்கள். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கை முழுக்கக் கணவாய் வாடையோடு,
உன் மனைவி